உடைமரத்துக்குக் கிழக்கே பத்துக் காலடி

"அந்தக் கயித்துக்குள்ள ஒண்ணும் கெடையாதுல. எங்க வச்சோம்னு தொரைக்கே தெரியாது."

டீக்கடைத் தகரத் தட்டிக்குப் பின்னாலிருந்து இந்தப் பேச்சு வந்து காதில் விழுந்தபோது, வெயிலுகந்தாள் மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு பல் டாக்டரின் வலது காலுக்குச் சறுக்குக் கட்டை கட்டிக்கொண்டிருந்தாள். குரல் சுயம்புவுடையது. சுயம்பு அவள் புருஷன் தங்கத்துரைக்குப் பெரியப்பா மகன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆனி மாதக் காலையில் அவளுடைய ஏழு மாதப் பெண்பிள்ளையைத் துணியில் சுற்றித் தேரி மணல்மேட்டில் புதைக்கக் கொண்டுபோன இரண்டு ஆண்களில் ஒருவன். இன்னொருவன் தங்கத்துரை.

அவள் கைகள் நிற்கவில்லை. சைக்கிள் டியூபை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தாள். டாக்டர் வலிக்கிறதம்மா என்றார். தளர்த்திக் கட்டினாள். எழுந்து, பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்தி, முட்டியை இளக்கமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள், முன்நுனி இரண்டும் சேர்ந்து பின்பக்கம் முறம் மாதிரி விரிய வேண்டும் என்றாள், பயம் வந்தால் முறத்தை அகலப்படுத்துங்கள், கட்டை தானாக நிற்கும் என்றாள். ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை அந்தப் பதினொரு பேரையும் ஏற்றி இறக்கினாள். வழக்கம்போல, சரிவின் தெற்குப் பக்கம் நான்கு சவுக்குக் கம்புகளை ஊன்றி நீல நைலான் கயிறு கட்டியிருந்த இடத்துக்கு யாரையும் போகவிடவில்லை. அங்கே என்ன என்று ஒரு பெண் கேட்டதற்கு, வழக்கம்போல, பள்ளம் என்றாள்.

செந்தேரிவிளைக்குப் பனி வந்தது, அந்தப் பிள்ளை போன மறு சித்திரையில், அக்னி நட்சத்திரம் பிறந்த மூன்றாம் நாள், பகல் பதினோரு மணிக்கு. கோழிகள் சுவரோரத்து நிழலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த நேரம், முருங்கைத் தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, ஊருக்கு மேற்கே செக்கச்செவேலென்று கிடக்கும் பெரிய தேரியின் மேல் மட்டும் வெள்ளை வெள்ளையாக எதுவோ இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சு மில் எதுவும் தீப்பிடித்திருக்குமோ என்று ஒருத்தி கேட்டாள். நம்ம பக்கம் ஏதுட்டி மில்லு என்றாள் இன்னொருத்தி. அதற்குள் காய் வாடிவிடும் என்பதால் குனிந்து பறிப்பைத் தொடர்ந்தார்கள். பொழுது சாயும்போது தேரியின் கீழ்ச்சரிவு முழுக்க முட்டளவு பனி கிடந்தது. பனி முடிகிற இடத்துக்கு ஓர் அடி தள்ளி மணல் கால் பொத்துப்போகிற சூட்டில் கிடந்தது. ஆடுகள் முன்னங்கால் இரண்டைப் பனியிலும் பின்னங்கால் இரண்டை மணலிலும் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சாயங்காலம் வரை நின்றன.

ஏன் என்று கேட்டவர்கள் வெளியூர்க்காரர்கள்தாம். வேனில் வந்து இறங்கிக் குழி தோண்டினார்கள், கண்ணாடிப் பாட்டிலில் அள்ளிக்கொண்டு போனார்கள், பாட்டில் திருநெல்வேலி போய்ச் சேருவதற்குள் தண்ணீராகிவிட, தண்ணீரைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி அனுப்பினார்கள். ஊருக்கு வேறு வேலைகள் இருந்தன. கிராம நிர்வாக அலுவலர் தன் பதிவேட்டில் பனிக்கென்று கட்டம் இல்லாததால் அதை உருக்கி அளந்து மழை என்று பதிந்தார். பதநீர்க்காரர்கள் கலயங்களைப் பனியில் புதைத்து வைத்து மத்தியானம் எடுத்து விற்றார்கள். மணப்பாட்டிலிருந்து மீன்காரர்கள் பெட்டி பெட்டியாக வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். இடையர் வீட்டுப் பெண்கள் சாக்கைக் கத்தரித்து ஆடுகளுக்குச் சட்டை தைத்தார்கள். தேரியடிச் சாஸ்தாவுக்கு வருஷா வருஷம் சந்தனக்காப்பு நேர்ந்தவர்கள் கம்பளி நேர ஆரம்பித்தார்கள். முதல் வருஷம் பதினேழு கம்பளி சேர்ந்து, சாமியின் கண் மட்டும்தான் தெரிந்தது. சித்திரையில் விழுகிற பனி ஐப்பசி மழையில் கரைந்து போகும் என்பது இரண்டாம் வருஷத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டதால், கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் கட்டில், பீரோவோடு ஸ்வெட்டரும் கேட்டார்கள், பெண் வீட்டார் அது எங்க ஊர் வழக்கம் இல்லையே என்று சொல்லிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். பஸ் கண்டக்டர்கள் செந்தேரிவிளை என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, "பனி இறங்கு, பனி இறங்கு" என்று கூப்பிட்டார்கள்.

முதல் வருஷம் பனி தார் ரோட்டையும் மூடியது. பஞ்சாயத்தில் நூறு நாள் வேலைக்காரர்களைப் போட்டு அள்ளச் சொன்னார்கள். அப்படித்தான் வெயிலுகந்தாள் மண்வெட்டியோடு தேரிக்கு வந்தாள்.

அவள் தேரிக்கு வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. யாரைக் கொண்டுபோய் வைத்தாலும் ஆண்கள்தான் போவார்கள், பெண்கள் தெருமுக்கு வரைக்கும் வந்து நின்றுவிட வேண்டும். அதிலும் பால்குடிப் பிள்ளையைக் கொடுத்தவள் அந்தத் திக்கிலேயே போகக்கூடாது. பால்குடிப் பிள்ளைக்குக் கல் வைப்பதில்லை, பெயர் எழுதுவதில்லை. அவள் பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் விடியும்போது இல்லை. அந்த வாரம்தான் யாரும் பிடிக்காமல் உட்காரக் கற்றிருந்தாள். பொன்வடிவு என்று பெயர். தெருமுக்கில் நின்ற வெயிலுகந்தாளுக்கு, ஆடிக்கு முன்னாலேயே கிளம்பிவிட்ட மேல்காற்றில் மணல் பறக்க இரண்டு ஆண்கள் போவதும், அரைநாள் கழித்து அதே இரண்டு ஆண்கள் வெறுங்கையோடு வருவதும்தான் தெரிந்தது. எங்கே வைத்தீர்கள் என்று அவள் உடனே கேட்கவில்லை. மூன்று நாள் கழித்துக் கேட்டாள். தங்கத்துரை, கோணல் உடைமரத்துக்குக் கிழக்கே பத்துக் காலடி என்றான்.

பத்து மாசம் அவள் அந்தப் பத்துக் காலடியை வாசலில் நடந்து பார்த்தாள். அடுப்படியிலிருந்து கிணற்றடி வரை பத்து. மாட்டுத்தொழுவிலிருந்து வேலி வரை பத்து. பிறகு பனி வந்தது. சர்க்கார் மண்வெட்டியும் சர்க்கார் சட்டியும் வைத்திருக்கிற பெண்ணை நீ ஏன் தேரிக்குப் போகிறாய் என்று யார் கேட்க முடியும்?

ரோட்டில் அள்ளிய பனியைக் கொட்டுகிற சாக்கில் அவள் மேலே ஏறினாள். மரம் இருந்தது, காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்த முள்மரம். கிழக்கே பத்துக் காலடி எண்ணி நின்றாள். கால் மரத்துப்போகிற வரை நின்றுவிட்டு, மேஸ்திரி சத்தம் போடுவதைக் கேட்டு இறங்க நினைத்தபோது, காலடியில் கிடந்த தார் டிரம்மின் தகடு வழுக்கி, அதன்மேல் நின்றபடியே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, விழாமல், சேலைமேல் போட்டிருந்த புருஷனின் கட்டம் போட்ட சட்டை காற்றில் உப்ப, ரோடு வரைக்கும் வந்து சேர்ந்தாள். நாற்பது பெண்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். "ஏட்டி, பறந்துல்லா வாரா" என்றார்கள். மறுநாளும் அப்படித்தான் இறங்கினாள். அதற்கு மறுநாளும். இறங்குவதற்கு முதலில் ஏற வேண்டும், அவளுக்கு வேண்டியது அந்த ஏற்றம்தான்.

கட்டை செய்து கொடுத்தவன் தங்கத்துரை. அவன் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுது பார்க்கிறவன். வீட்டுக்குப் பின்னால் ஓலை ஷெட்டில் பிவிசி குழாய் எப்போதும் கிடக்கும். அவள் தகட்டில் இறங்கிக் காலில் வெட்டுப்பட்டு வந்த அன்று, ஒன்றும் கேட்காமல், ஆறு அங்குலக் குழாயை நீளவாக்கில் அறுத்து, தீயில் வாட்டித் தட்டையாக்கி, நுனியை மட்டும் மேலே வளைத்து, நடுவில் பாதம் வைக்கச் செருப்பு ரப்பரை ஆணியடித்துக் கொடுத்தான். அதைக் கட்டிக்கொண்டு அவள் இறங்கியதைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வந்தார்கள், எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள், அவன் இன்னும் பத்து ஜோடி, இருபது ஜோடி என்று செய்தான். தேரிக்கு மட்டும் அவன் வரவில்லை. ஊரே பார்த்துவிட்ட பனியை அவன் ஒருவன் கிட்டத்தில் வந்து பார்க்கவில்லை. அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையை வைத்த இடம், மனுஷனுக்குத் தாங்காது என்றார்கள். வெயிலுகந்தாளும் அப்படித்தான் நினைத்தாள்.

மூன்றாம் வருஷம் மாவட்ட ஆபீஸிலிருந்து ஆள் வந்து, சான்றிதழ் இல்லாமல் யாரும் சொல்லிக்கொடுக்கக்கூடாது என்றார். பஞ்சாயத்து ஏலத்தில் புளியமரங்களோடும் குளத்து மீனோடும் சரிவையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். மகளிர் குழு அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. குழுத் தலைவி ஞானசெல்வி அக்கா, பிளஸ் டூ வரை படித்தவள் நீ ஒருத்திதான், போயிட்டு வா என்று வெயிலுகந்தாளை ரயிலேற்றினாள். நான்கு நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் போய், வடக்கே பெயர் வாயில் நுழையாத ஒரு மலையில் இறங்கி, இரவல் கோட்டுக்குள் பதினான்கு நாள் கிடந்தாள். அங்கே சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு டோல்மா என்று பெயர், கன்னம் இரண்டும் வெடித்துச் சிவந்திருக்கும். நீ எங்கே பழகினாய் என்று அவள் கேட்டபோது, வெயிலுகந்தாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எங்கள் ஊர் மணல்மேட்டில் என்றாள். எப்போது பனி விழும்? மே மாதம், வெயில் உச்சியில் இருக்கும்போது. டோல்மா பரிவோடு தலையாட்டிவிட்டு, பரீட்சைத் தாளில், சறுக்குவதில் மிக நன்று, மொழி போதாது என்று எழுதினாள்.

அந்தப் பதினான்கு நாளில் அவள் கற்றது நிறைய. விழுவதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும், பக்கவாட்டில், இடுப்பு முதலில் தரையைத் தொடும்படி. கூட்டத்தில் யார் பயப்படுகிறார்கள் என்பதை முகத்தில் பார்க்கக்கூடாது, கை விரல்களில் பார்க்க வேண்டும். ஆனால் அவள் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்தது வேறொன்று. ஒருநாள் டோல்மா அவள் கண்ணைத் துணியால் கட்டி, மெல்லச் சறுக்கச் சொல்லி, ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, இங்கே பனிக்கு அடியில் என்ன என்று கேட்டாள். பாறை, புல், வெற்றிடம், பழைய பனி. ஒன்பதில் எட்டு சரியாகச் சொன்னாள். கீழே இருப்பதைக் கால் அறியும் என்று டோல்மா தன் முட்டியைத் தட்டிக் காட்டினாள். வெயிலுகந்தாள் அன்று ராத்திரிச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தப் பத்தாவது காலடியைச் சுற்றி நான்கு சவுக்குக் கம்பு ஊன்றிக் கயிறு கட்டினாள். அதற்குள் யாரும் சறுக்கக்கூடாது. யாரும் விழக்கூடாது. தினமும் காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னால் அவள் மட்டும் கயிற்றுக்குள் நுழைந்து, கண்ணை மூடி, ஒரே ஒரு தடவை மெல்லக் கடந்து போவாள். ஓரிடத்தில் முட்டி இளகும். பனிக்குக் கீழே, மணலுக்குக் கீழே, ஒரு கைக்குழந்தை அளவுக்கு மெத்தென்று ஒன்று அவள் எடையை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கும். அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஒரு கணத்தை வைத்துக்கொண்டு அவள் மீதி நாளெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கு விழச் சொல்லிக்கொடுத்தாள், பயந்து அழுகிறவர்களை இடுப்பில் கைகொடுத்து நிறுத்தினாள், கல்லூரிப் பெண்கள் அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், ஊரில் அவளுக்குக் கட்டை டீச்சர் என்று பெயர் வந்தது. வருஷத்தில் ஆறு மாசம் இதுதான் பிழைப்பு. மழை வந்து பனி கரைந்து தேரி மறுபடி சிவந்த பிறகு, முருங்கைக்காய்க் கட்டுப் போடப் போவாள்.

ஊரும் அந்தக் கயிற்றை ஏற்றுக்கொண்டது. அதற்குள் ஆடு போனால் இடையர்கள் கல்லெறியாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரோ ஒருத்தி கயிற்றில் மல்லிகைச்சரம் சுற்றிவிட்டுப் போனாள். பிறகு பிள்ளையில்லாத பெண்கள் வந்து மரத்தொட்டில் கட்டினார்கள், அதில் இரண்டு பேருக்குப் பிள்ளை பிறந்தும்விட்டதால் திசையன்விளையிலிருந்தெல்லாம் வந்து கட்டினார்கள். காற்றடித்தால் அறுபது தொட்டில் ஒரே நேரத்தில் ஆடும். வெயிலுகந்தாள் அவற்றை அவிழ்க்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை.

இந்த வருஷம் பனி விழுவதற்கு முன்னால் தேரி ரொம்பவும் நகர்ந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் பழகுவதற்கு ஏற்ற தணிந்த சரிவு, கயிற்றுப் பக்கம்தான் அமைந்தது. குழுக் கூட்டத்தில் ஞானசெல்வி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே, கயிற்றைக் கொஞ்சம் சுருக்கிக் கட்டலாமா தாயி என்று கேட்டாள். வெயிலுகந்தாள் முடியாது என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அடுத்த வாரமே ஒரு காலேஜ் பையன் செங்குத்துப் பக்கத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான், சரிவுக்குக் கீழே டீக்கடை போட்டிருக்கும் சுயம்பு அவனை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்த எரிச்சலில், மறுநாள் காலை பால் ஊற்றுகிறவனிடம் அதைச் சொன்னான். ஆறு வருஷம் சொல்லாததைச் சொன்னான்.

பன்னிரண்டு மணிக்குப் பதினொரு பேரின் கட்டைகளையும் அவிழ்த்து அடுக்கிவிட்டு, பல் டாக்டர் நாளைக்கும் வரலாமா என்று கேட்டதற்கு வாங்க என்று சொல்லிவிட்டு, வெயிலுகந்தாள் வீட்டுக்கு நடந்தாள். தங்கத்துரை ஷெட்டில் ஒரு குழாயைத் தீயில் வாட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க வச்சியன்னு உங்களுக்கே தெரியாதுன்னு சுயம்பு அத்தான் சொல்லுதாவ" என்றாள்.

குழாய் இளகி நுனி தானாக வளைந்தது. அவன் அதை எடுக்கவில்லை. பழுப்பேறிப் புகைந்தது.

"நெசமா?"

"நெசந்தான்."

அவன் தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அன்றைக்குக் காற்று முகத்தில் அறைந்ததைச் சொன்னான். சுயம்பு குழி வெட்டிய வேகத்துக்கு மணல் சரிந்து மூடிக்கொண்டே வந்ததை, உப்பைப் போட்டதை, அவள் கொடுத்தனுப்பிய மஞ்சள் துணி பற்றாமல் தன் வேட்டியில் பாதியைக் கிழித்துச் சுற்றியதை, நரி தோண்டாமல் இருக்க மேலே முள் வெட்டிப் போட்டதைச் சொன்னான். எல்லாம் முடிந்ததும் சுயம்பு அவன் தோளைப் பிடித்து ஊர்ப்பக்கம் திருப்பினானாம்.

"'நடல, திரும்பிப் பாக்காத. பாத்தா பிள்ள பின்னாலயே வந்துரும்'னு சொன்னான். எல்லாருக்கும் சொல்லுதது தான. நா பாக்கல. வீடு வந்து சேருத வரைக்கும் பாக்கல."

மூன்றாம் நாள் அவன் யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போயிருக்கிறான். காற்று தேரியை வேறொரு தேரியாக ஆக்கி வைத்திருந்தது. மேடு இருந்த இடத்தில் பள்ளம், பள்ளம் இருந்த இடத்தில் மேடு. முள்ளைக் காணவில்லை, கால்தடம் ஒன்று இல்லை. விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுது வரை கையால் அள்ளி அள்ளிப் பார்த்துவிட்டு, நகத்துக்குள் சிவப்பு மண்ணோடு வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"அன்னைக்குன்னு பாத்து எங்கன்னு கேட்ட. என்னத்தச் சொல்ல? தொலைச்சிட்டேன்னா சொல்ல? அந்தப் பாழாப்போன கோணல் மரந்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு."

தீயில் குழாய் கருகிய நாற்றம் ஷெட்டை நிறைத்தது. வெயிலுகந்தாள் இடுக்கியால் அதை எடுத்து மண்ணில் போட்டாள்.

"பாத்திருக்கலாம்" என்றான் தங்கத்துரை. "பின்னால வந்தா வந்துட்டுப் போறா. நம்ம பிள்ளதான உகந்தா."

மறுநாள் காலையில் அவள் தேரிக்குப் போய், தொட்டில்களை ஒவ்வொன்றாக முடிச்சு அவிழ்த்துச் சாக்கில் போட்டு, சாஸ்தா கோயில் வாசலில் கொண்டுபோய் வைத்தாள். நான்கு கம்புகளையும் பிடுங்கினாள். கயிற்றைச் சுருட்டினாள். பிறகு சரிவின் அடியில் வந்து நின்று, கட்டையைக் காலில் கட்டக் குனிந்தவள், கட்டாமல் நிமிர்ந்தாள்.

தேரியில் அவள் கால் படாத இடமில்லை. கயிற்றுக்கு வெளியே எத்தனை ஆயிரம் பேரை இறக்கியிருப்பாள். இடுப்பைச் சாய்த்து நன்றாக விழுங்கள், பனி தாங்கும், பயப்படாமல் முழு எடையோடு விழுங்கள் என்று எத்தனை பேரை எத்தனை தடவை விழவைத்திருப்பாள். ஊன்றுகோலின் கூர் எங்கெல்லாம் இறங்கியிருக்கும். அவள் முட்டியில் தினமும் இளகியது வெறும் பனி. பிள்ளை கிடப்பது வேறெங்கோ, ஒரு மத்தியானம், ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்து சிரித்த இடத்துக்குக் கீழே.

பல் டாக்டர் வந்தார், அவரோடு இன்னும் பதினாலு பேர் வந்தார்கள். கட்டை டீச்சர் அசையாமல் நிற்பதைப் பார்த்து வரிசையில் நின்றார்கள். பத்து மணியானது, பதினொன்றானது. ஞானசெல்வி அக்கா வந்து, ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பனி பதமாக இல்லை, எல்லாரும் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினாள்.

மறுநாளும் பனி பதமாக இல்லை என்றாள். அதற்கு மறுநாளும். ஊரில் யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை, கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மீன்காரர்கள் பெட்டியோடு வந்து, சரிவைப் பார்த்துவிட்டு, அள்ளாமல் திரும்பினார்கள். பதநீர்க்காரர்கள் கலயங்களைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். இடையர்கள் ஆட்டைச் சுற்றுவழியாக ஓட்டினார்கள். பஸ் வந்து நின்றபோது கண்டக்டர் தாழ்ந்த குரலில், செந்தேரிவிளை, என்று மட்டும் சொன்னார். சுயம்பு கடையைத் திறக்காமல் பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். மூன்று நாளும் ஒரு தம்ளரில் டீ கொண்டுவந்து வெயிலுகந்தாளின் காலடியில் வைத்துவிட்டு, ஆறிய பிறகு எடுத்துக்கொண்டு போனான். அவள் காலையில் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சரிவின் அடியில் நிற்பாள், சாயங்காலம் போவாள். மேலே கால் வைக்கவும் முடியவில்லை, வராமல் இருக்கவும் முடியவில்லை.

நான்காம் நாள் பத்து மணி பஸ்ஸுக்குக் கூட்டம் அதிகம். விஷயம் தெரியாத கோயம்புத்தூர்க்காரர்கள் முப்பது பேர் இறங்கி, பனியைப் பார்த்துக் கூவி, வெயிலுகந்தாள் நிற்பதைப் பார்த்து மெல்ல அடங்கினார்கள். அப்போது ஊர்ப்பக்கமிருந்து தங்கத்துரை வந்தான். கையில் ஒன்றும் இல்லை. முகம் மழித்திருந்தான். பெஞ்சிலிருந்து சுயம்பு எழுந்து, "தொர" என்றான். தங்கத்துரை அவனைத் தாண்டி, அவளையும் தாண்டி, ரோட்டோரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பனியில் கால் வைத்தான்.

ஐந்து வருஷமாக அந்தப் பனிக்குக் கட்டை செய்து கொடுத்தவனுக்கு அதில் நடக்கத் தெரியவில்லை. ஒவ்வோர் எட்டுக்கும் முட்டி வரை புதைந்தான். இரண்டு கையையும் ஊன்றி ஏறினான். சறுக்கினான், மறுபடி ஏறினான். ஊர் முழுக்க ரோட்டுக்கு வந்துவிட்டது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் ஒரு விரலளவுதான் தெரிந்தான். அங்கே அவன் எவ்வளவு நேரம் நின்றான் என்று யாரும் மணி பார்க்கவில்லை. பிறகு ஊரைப் பார்க்கத் திரும்பி இறங்க ஆரம்பித்தான், பிள்ளையை வைத்துவிட்டு அன்றைக்கு வந்த அதே நேர்க்கோட்டில், தலையைக் குனிந்து, உடைமரத்தைக் கடந்து, கம்பு பிடுங்கிய நான்கு குழிகளைக் கடந்து, ரோட்டுக்கு வந்தான். ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வெயிலுகந்தாளுக்கு முன்னால் வந்தபோதும் அவன் நிற்கவில்லை. பனி ஒட்டிய வெறுங்காலோடு, சூடேறிய தார் ரோட்டில், வீட்டுப்பக்கம் ஏழெட்டு எட்டு எடுத்து வைத்தான். காலடி ஒவ்வொன்றும் ஈரமாகப் பதிந்து, பதிந்த உடனே காய்ந்தது.

அங்கே தங்கத்துரை நின்றான். உடம்பை முழுக்கத் திருப்பித் தேரியைப் பார்த்தான்.